நெல் வயலின் நுண்ணுயிர்களுக்கு எந்த எரு? தொழு உரம், கோழி எரு, பசுந்தாள், வைக்கோல், யூரியா: ஓர் ஒப்பீடு

அடுத்த போகத்துக்கு அடியுரமாக எதை இடுவது என்று முடிவெடுக்கும்போது, பயிருக்கு எத்தனை கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கிடைக்கும் என்ற கணக்கே பெரும்பாலும் முன்னால் நிற்கிறது. அந்தக் கணக்கு தேவையானதுதான். ஆனால் யூரியாவை முழு அளவில் இட்ட வயலில்கூட, நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தில் பொதுவாகப் பாதிக்கு மேற்பட்ட பங்கு அந்தப் போகத்தில் இட்ட உரத்திலிருந்து வருவதில்லை. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைத்து விடுவிக்கும் சத்திலிருந்து வருகிறது. ஆகவே பயிருக்கு உரம் தேர்ந்தெடுப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

இங்கே ஒப்பிடப்படுபவை: ரசாயன உரம் மட்டும் இடுதல், நன்கு மட்கிய தொழு உரம், பச்சைச் சாணமும் சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் கரைசலும், கோழி எரு, பசுந்தாள் உரம், அறுவடைக்குப் பின் எஞ்சும் வைக்கோல், இவற்றில் ஒன்றை ரசாயன உரத்தோடு சேர்த்து இடும் கலப்பு முறை. இயற்கையா, ரசாயனமா என்ற வழக்கமான பிரிவினை இந்த ஒப்பீட்டுக்கு அதிகம் உதவாது என்பது என் கருத்து. நெல் வயலின் நுண்ணுயிர்களைப் பொறுத்தவரை, தண்ணீர் நிற்கத் தொடங்கும் நாளில் மண்ணுக்குள் இருக்கும் கரிமப் பொருள் எந்த அளவுக்கு மட்கியிருக்கிறது என்பதே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. ஒரே மாட்டின் சாணம், குவியலில் சில மாதங்கள் மட்கிய பிறகு வயலுக்கு வரும்போது ஒரு விதமாகவும், தொழுவத்திலிருந்து நேராகச் சேற்றில் விழும்போது முற்றிலும் வேறு விதமாகவும் வேலை செய்கிறது.

தண்ணீருக்கு அடியில் நடப்பது

புன்செய் நிலத்தில் எருவின் விளைவைப் பற்றிச் சொல்லப்படும் பலவற்றை அப்படியே நன்செய்க்குப் பொருத்த முடியாது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. ஆகவே சேற்றுழவு முடிந்து தண்ணீர் நிறுத்திய ஓரிரு நாட்களுக்குள், மண்ணில் எஞ்சியிருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் ஆக்சிஜன் இருக்கும் இடங்கள் இரண்டுதான். மண்ணின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள படலம் ஒன்று. நெல் தன் தண்டின் காற்றறைகள் வழியாக வேருக்கு இறக்கும் ஆக்சிஜன் கசிந்து, வேரைச் சுற்றி உண்டாக்கும் மெல்லிய வளையம் மற்றொன்று. பிடுங்கிய நெல் வேரில் தெரியும் செம்பழுப்புப் பூச்சு, அந்த ஆக்சிஜன் பட்டு இரும்பு துருவாகப் படிந்ததன் அடையாளம்.

மீதி மண் முழுவதிலும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்கு மாற்றாக வேறு பொருட்களைக் கொண்டு சுவாசிக்கின்றன; அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நைட்ரேட் தீர்கிறது, அடுத்து மாங்கனீசு, பிறகு இரும்பு ஆக்சைடுகள், பிறகு சல்பேட். இவை எல்லாம் குறைந்த பின்னரே மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா எனப்படும் நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. நார்ப்பொருளைக் குளோஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் ஆக்குகின்றன. அசிட்டேட்டைப் பிளந்து மெத்தனோசார்சினா போன்றவையும், ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மெத்தனோசெல்லா போன்றவையும் மீத்தேனை வெளியிடுகின்றன. எளிதில் சிதையும் கரிமப் பொருள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு விரைவில் இந்த வரிசை கீழே இறங்கி மீத்தேனில் போய் நிற்கும். நெல் வயலில் எரு இடுகிறவர் இந்த இறக்கத்தின் வேகத்தை மாற்றுகிறார். ஒவ்வொரு எருவும் அதை எவ்வளவு மாற்றுகிறது என்பதில்தான் அவற்றுக்கிடையேயான வேறுபாடு இருக்கிறது.

எருவோடு வந்து சேரும் நுண்ணுயிர்களே வயலை வளப்படுத்துகின்றன என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஒரு பிடி சாணத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருப்பது உண்மை. ஆனால் விலங்கின் குடலுக்குப் பழகிய அவற்றில் பெரும்பாலானவை, வயல் மண்ணில் ஏற்கெனவே வேரூன்றிய நுண்ணுயிர்களோடு போட்டியிட்டு நெடுநாள் நிலைப்பதில்லை. எரு கொண்டுவரும் உணவால் அந்த மண்ணிலேயே இருந்த நுண்ணுயிர்கள் பெருகுவதும், அவற்றுக்குள் யார் முந்துகிறார்கள் என்பது மாறுவதுமே நிலைத்த விளைவுகள். எனவே எருவை ஒப்பிடும்போது, அதில் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதைக் காட்டிலும், அதில் எப்படிப்பட்ட கரிமமும் எவ்வளவு தழைச்சத்தும் இருக்கின்றன என்பதைப் பார்ப்பதே பயன் தரும்.

ரசாயன உரம் மட்டும் இட்டால்

ரசாயன உரம் மண்ணின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது நெல் வயலுக்கு அப்படியே பொருந்தாது. புன்செய் மண்ணில் அம்மோனிய உரங்கள் ஆண்டுக்கணக்கில் மண்ணைப் புளிக்கவைத்து, அந்த அமிலத் தன்மையால் நுண்ணுயிர்களைக் குறைப்பது உண்டு. தண்ணீர் நின்ற மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் கரையும் வேதிவினை அமிலத்தை ஈர்த்துக்கொள்வதால், புளித்த மண்ணும் சில வாரங்களில் நடுநிலையை நோக்கி நகர்கிறது. ஆகவே அந்தத் தீங்கு இங்கே பெரிதும் தணிந்துவிடுகிறது. உரம் பெற்ற பயிர் அதிக வேரையும் அதிகத் தாளையும் விட்டுச்செல்வதால், எந்த உரமும் இடாத வயலைவிட ரசாயன உரம் மட்டும் இட்ட வயலில் நுண்ணுயிர்த் திரள் ஓரளவு அதிகமாகவே காணப்படுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களில் தொடங்கி, ஆண்டுக்கு மூன்று போகம்வரை தொடர்ச்சியாக நெல் பயிரிடப்பட்டுவரும் சோதனை வயலில், எருவே இடாமல் ரசாயன உரத்தோடு நடந்த சாகுபடியில் மண்ணின் கரிமப் பொருள் சரியாமல் நின்றது. நீர் நின்ற மண்ணில் சிதைவு மெதுவாக நடப்பதும், நீரில் வளரும் பாசி தன் பங்குக்குக் கரிமம் சேர்ப்பதும் இதற்குக் காரணங்கள்.

அப்படியானால் குறை எங்கே? எரு இட்ட வயலோடு ஒப்பிடும்போது நுண்ணுயிர்த் திரளும், அவை உண்டாக்கும் டீஹைட்ரஜனேஸ், பாஸ்படேஸ் போன்ற நொதிகளின் செயலும் தெளிவாகக் குறைவாக இருக்கின்றன. யூரியா அந்த உயிர்களுக்கு நஞ்சாகிவிடுவதில்லை. உண்ணக் கரிமம் தராமல் தழைச்சத்தை மட்டும் தருகிறது. பிடித்து வைத்துக்கொள்ள போதிய உயிர்த்திரள் இல்லாத மண்ணில் அந்தத் தழைச்சத்தின் பெரும்பகுதி காற்றோடும் நீரோடும் போகிறது. நெற்பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தண்ணீரின் மேல் தூவிய யூரியாவால் பாசி செழித்து, நண்பகலில் நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுகிறது. அதனால் நீரின் கார அமில நிலை (pH) 9-ஐத் தாண்ட, யூரியாவிலிருந்து வந்த அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடுகிறது. உரத்தால் வளர்ந்த உயிரே உரத்தை வெளியேற்றிவிடுகிறது.

காற்றிலிருந்து தழைச்சத்தை நிலைநிறுத்தும் உயிர்களின் நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நெல் வயலில் நீலப்பச்சைப் பாசி இந்த வேலையைச் செய்கிறது என்பதை வங்காளத்தைச் சேர்ந்த பி. கே. டே 1939-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். நீரில் அம்மோனியம் மிகுந்திருக்கும்போது இந்தப் பாசி அந்த வேலையைக் குறைத்துக்கொள்கிறது. இலவசமாகக் கிடைக்கும் தழைச்சத்து இருக்கையில் ஆற்றலைச் செலவிட்டுக் காற்றிலிருந்து பிடிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. யூரியாவைத் தூவாமல் சேற்றுக்குள் ஆழமாக இடும் முறை இந்தப் பாதிப்பையும் அம்மோனியா இழப்பையும் ஒருசேரக் குறைக்கிறது.

மட்கிய தொழு உரமும் மட்காத சாணமும்

நன்கு மட்கிய தொழு உரத்தில், எளிதில் சிதையக்கூடிய சர்க்கரைகளும் மெல்லிய நார்களும் குவியலிலேயே எரிந்து தீர்ந்திருக்கும். எஞ்சியிருப்பது மெதுவாகச் சிதையும் கரிமம். அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் பெரும்பாலும் 15-க்கும் 25-க்கும் இடையில் அமைகிறது. நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்டிக்கொள்ள மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பயிரிடமிருந்து பறிக்க வேண்டிய நிலை இந்த விகிதத்தில் பெரிதாக எழுவதில்லை. இப்படிப்பட்ட உரம் ஆண்டுதோறும் விழும் வயலில் நுண்ணுயிர்த் திரள் மெல்ல மெல்ல உயர்கிறது. நொதிகளின் செயல் கூடுகிறது. சத்துக் குறைவில் வாழப் பழகிய அசிடோபாக்டீரியாக்களின் பங்கு குறைந்து, உணவு மிகுந்த சூழலை விரும்பும் புரோட்டியோபாக்டீரியா, பர்மிக்யூட்டிஸ் ஆகிய பிரிவுகளின் பங்கு பெருகுவதே அடிக்கடி காணப்படும் போக்கு. இந்த உயிர்த்திரள் தன்னுள் பிடித்து வைக்கும் தழைச்சத்து, உயிர்கள் மடிந்து சிதையும்போது தூர் கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் சிறுகச் சிறுக வெளிவருகிறது. மேலுரத்தைத் தவறிய நாளில் இட்டுவிட்டாலும் பயிர் அதிகம் தடுமாறாமல் இருப்பதற்கு இந்தக் கையிருப்பே காரணம்.

ஜப்பானிய நெல் வயல் மண்ணில் நடந்த ஆய்வுகள் மற்றொன்றையும் வெளிக்கொணர்ந்தன. இரும்பு ஆக்சைடைக் கொண்டு சுவாசிக்கும் ஜியோபாக்டர், அனரோமிக்சோபாக்டர் ஆகிய பாக்டீரியாக்களும் காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துகின்றன. இவற்றுக்கு வேண்டியவை இரண்டு: மண்ணில் இரும்பு, உண்ண அசிட்டேட் போன்ற எளிய கரிமம். மெதுவாகச் சிதையும் எரு, மீத்தேன் நிலைக்கு மண்ணை விரைந்து தள்ளிவிடாமல், இரும்பைச் சுவாசிக்கும் இந்தக் கட்டத்திலேயே நெடுநேரம் நிறுத்திவைக்கிறது என்பது தொழு உரத்துக்குச் சாதகமான வாதம். எனக்கு அது வலுவான வாதமாகவே படுகிறது.

தொழு உரத்தின் குறை அதன் அளவில் இருக்கிறது. தழைச்சத்து ஏறத்தாழ 0.5 விழுக்காடுதான் என்பதால், ஹெக்டேருக்கு 10 டன் இட்டாலும் மொத்தம் 50 கிலோவே சேரும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அதிக விளைச்சல் தரும் ரகத்துக்குத் தொழு உரம் ஒன்றையே நம்புவது என்றால், சுமந்து கொட்ட வேண்டிய எடை நடைமுறைக்கு ஒவ்வாத அளவுக்குப் போய்விடும். மண்புழு உரம் தழைச்சத்தில் இதைவிடச் செறிவானது, மட்கிய தன்மையில் இதற்கு இணையானது. ஆனால் பெரிய வயலுக்குப் போதுமான அளவில் அது கிடைப்பதில்லை என்பதால் நாற்றங்காலுக்கு ஒதுக்குவதே பொருத்தம்.

பச்சைச் சாணத்தை நேராகச் சேற்றில் இடுவது இந்த நன்மைகளை ஏறக்குறைய தலைகீழாக்கிவிடுகிறது. எளிதில் சிதையும் கரிமம் முழுவதும் ஆக்சிஜன் இல்லாத மண்ணுக்குள் போவதால், நொதிக்கும் பாக்டீரியாக்கள் திடீரெனப் பெருகி அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களைக் கொட்டுகின்றன. இளம் நாற்றின் வேர் நுனிகள் இவற்றால் கருகும். மாடு தின்ற தாவரங்களின் களை விதைகளும், குடலில் வாழும் நோய்க் கிருமிகளும் குவியலின் சூட்டைச் சந்திக்காமலேயே வயலுக்கு வந்துவிடுகின்றன. வேலை மிச்சம் என்ற ஒன்றைத் தவிர இதற்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சாண எரிவாயுக் கலனின் கரைசல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சேற்றுக்குள் மீத்தேனாக வெளிவந்திருக்க வேண்டிய கரிமம் கலனுக்குள்ளேயே மீத்தேனாகி எரிபொருளாகப் பயன்பட்டுவிடுவதால், வயலில் அது பச்சைச் சாணத்தைவிட மிகக் குறைவான மீத்தேனையே தூண்டுகிறது. அதன் தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனிய வடிவில் இருப்பதால் பயிருக்கு உடனே கிடைக்கும். வெயிலில் மேற்பரப்பில் விட்டுவைத்தால் உடனே பறந்தும் விடும். ஆகவே உழவோடு மண்ணுக்குள் மடக்க வேண்டும். நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் கரிமம் குறைவு என்பதால், மண்ணின் நீண்ட கால வளத்துக்குத் தொழு உரத்தின் இடத்தை இது முழுமையாக நிரப்பாது.

கோழி எரு

தழைச்சத்து 2 முதல் 3 விழுக்காடு, மணிச்சத்தும் அதற்கேற்ப மிகுதி. கோழி எருவின் கவர்ச்சி இந்த எண்களில் இருக்கிறது. கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 10-ஐ ஒட்டியே நிற்பதாலும், தழைச்சத்தின் பெரும்பகுதி யூரிக் அமிலமாக இருப்பதாலும், நுண்ணுயிர்கள் அதைச் சில நாட்களிலேயே அம்மோனியமாக மாற்றிவிடுகின்றன. நுண்ணுயிர்த் திரள் வேகமாக ஏறி, அதே வேகத்தில் இறங்குகிறது. விளைவைப் பார்த்தால் இது எருவுக்கும் யூரியாவுக்கும் நடுவில் நிற்கும் ஒரு பொருள். நெல் உமியைப் படுக்கையாக இட்ட கொட்டகையிலிருந்து வரும் எருவில் கரிமம் கூடுதலாக இருப்பதால் அது சற்று நிதானமாக வேலை செய்யும்.

தழைச்சத்துத் தேவையை முழுவதும் கோழி எருவாலேயே ஈடுகட்டினால், பயிர் எடுப்பதைவிட அதிக மணிச்சத்து ஆண்டுதோறும் மண்ணில் தங்குகிறது. தீவனத்தில் சேர்க்கப்படும் செம்பும் துத்தநாகமும் எருவில் வந்து சேர்ந்து மண்ணில் குவிகின்றன. உலோகம் குவிந்த மண்ணில் அதைத் தாங்கும் நுண்ணுயிர்கள் மட்டும் முந்தி, பன்மை சுருங்குகிறது. பண்ணைகளில் கொடுக்கப்படும் டெட்ராசைக்ளின், சல்பா வகை மருந்துகளின் எச்சமும், அம்மருந்துகளுக்கு மசியாத தன்மையைத் தரும் மரபணுக்களும் எருவோடு வயலுக்கு வருகின்றன. அந்தப் பாக்டீரியாக்கள் வயலில் மடிந்தாலும், மரபணுக்களை மண்ணின் பாக்டீரியாக்களுக்குக் கைமாற்றிவிட்டு மடியக்கூடும் என்பதே இதில் உள்ள கவலை. குவியலின் நடுவே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறிப் பல நாட்கள் நிற்கும்படி, கிளறிக் கிளறி மட்கவைப்பது கிருமிகளையும் மருந்தின் எச்சத்தையும் பெருமளவு குறைக்கும். செம்பையும் துத்தநாகத்தையும் எந்தச் சூடும் நீக்காது. பெரிய பண்ணைகளிலிருந்து வாங்கும் எருவைச் சிறு அளவில், மட்கவைத்து, ஒரு போகம் விட்டு ஒரு போகம் இடுவதே விவேகம்.

பசுந்தாள் உரம்

தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி போன்றவற்றை வயலிலேயே வளர்த்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதில், எரு சுமக்கும் வேலை இல்லை. வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்து, 45 முதல் 50 நாள் பயிரில் ஹெக்டேருக்கு 60 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். மணிலா அகத்தி எனப்படும் செஸ்பேனியா ரோஸ்ட்ரேட்டா தண்டிலும் முடிச்சு விடும். வேர் மூழ்கிய நிலையிலும் தண்டில் உள்ள அசோரைசோபியம் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டே இருப்பதால், நீர் தேங்கும் வயலுக்கு அது தனிப் பொருத்தம் உடையது. களர் நிலத்தில் பசுந்தாளின் பங்கு வேறு எந்த எருவாலும் ஈடுசெய்ய முடியாதது: சிதைவில் வெளிவரும் கரியமில வாயுவும் அமிலங்களும் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து, காரத்தன்மையைத் தணித்து, ஒடுங்கிக் கிடந்த நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுக்கின்றன.

ஆனாலும் நுண்ணுயிர்களின் கண்ணில் பசுந்தாள் என்பது பச்சைக் கரிமமே. மடக்கி உழுத முதல் இரு வாரங்களில் சிதைவு உச்சத்தில் இருக்கும். அம்மோனியம் வேகமாக உயரும், கரிம அமிலங்களும் அதோடு உயரும். வடிகால் நல்ல, வெப்பமான மண்ணில் அமிலங்கள் விரைவில் தீர்ந்துவிடுவதால் ஒரு வாரம் முதல் பத்து நாள் இடைவெளி போதும். வடிகால் இல்லாத களிமண்ணிலும் குளிர்ந்த பருவத்திலும் இடைவெளியை நீட்ட வேண்டும். நீட்டினால் அம்மோனியத்தில் ஒரு பங்கு பயிர் வேர் பிடிக்கும் முன்பே வீணாகிறது. நீட்டாவிட்டால் நாற்று வாடுகிறது. பூத்து முற்றிய பிறகு மடக்கினால் தண்டு நார்ப்பட்டு, சிதைவு மெதுவாகி, தழைச்சத்தும் தாமதமாகக் கிடைக்கும். நாள் தவறினால் தண்டனை கொடுக்கும் உரம் இது.

அசோலா என்னும் நீர்ப்பெரணியை இந்த இடத்திலேயே குறிப்பிட்டுவிடலாம். அதன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி தழைச்சத்தைச் சேர்க்கிறது. நீரின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைப்பதால் மற்றப் பாசிகள் அடங்கி, யூரியாவிலிருந்து அம்மோனியா பறப்பதும் குறைகிறது. மணிச்சத்து இல்லாத நீரிலும், கடும் வெப்பத்திலும் அது தழைப்பதில்லை.

வைக்கோலும் மீத்தேன் கணக்கும்

வைக்கோல் எரு இல்லை என்றாலும், பெரும்பாலான வயல்களில் எளிதில் கிடைக்கும் கரிமம் அதுதான் என்பதால் ஒப்பீட்டிலிருந்து விலக்க முடியாது. நெற்பயிர் எடுத்த சாம்பல்சத்தின் பெரும்பகுதியும், மணற்சத்து எனப்படும் சிலிக்காவின் பெரும்பகுதியும் வைக்கோலிலேயே தங்குகின்றன. கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 60-ஐத் தாண்டுவதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தம் உடலுக்குள் இழுத்துக்கொள்ள, இளம் பயிர் மஞ்சளாகும். காற்றில்லாத நிலையில் வாழும் பாக்டீரியாக்களுக்குத் தழைச்சத்துத் தேவை குறைவு என்பதால் புன்செய் அளவுக்கு இந்த இழுபறி கடுமையாவதில்லை. வைக்கோலை எரித்தால் அதிலுள்ள கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய முழுவதும் காற்றில் போகின்றன. நுண்ணுயிர்களுக்கு மிஞ்சுவது சாம்பல்.

இந்தத் தேர்வுகளை எண்ணால் ஒப்பிட ஒரு கருவி உண்டு. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.பி.சி.சி. 2019-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில், ஒவ்வொரு கரிம உரமும் மீத்தேனை எவ்வளவு தூண்டும் என்பதற்குக் குணகங்கள் தரப்பட்டுள்ளன. சாகுபடிக்கு முந்திய 30 நாட்களுக்குள் மடக்கிய வைக்கோலை 1 என்று கொண்டால், பசுந்தாளுக்கு 0.45, தொழு உரத்துக்கு 0.21, 30 நாட்களுக்கு முன்பே மடக்கிய வைக்கோலுக்கு 0.19, மட்கு உரத்துக்கு 0.17. அந்த வழிகாட்டியின் சூத்திரத்தில், வழக்கமாக இடக்கூடிய அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். எந்தக் கரிமமும் இடாத வயலின் மீத்தேனை ஒரு பங்காகக் கொண்டால், ஹெக்டேருக்கு 10 டன் தொழு உரம் இட்ட வயலில் அது இரண்டு பங்கை ஒட்டி வருகிறது. 15 டன் பசுந்தாள் மடக்கிய வயலில் சுமார் 3.3 பங்கு, 5 டன் வைக்கோலை நடவுக்குச் சற்று முன் மடக்கினால் 2.9 பங்கு, அதே வைக்கோலை 30 நாட்களுக்கு முன்பே மடக்கினால் 1.5 பங்குதான். வைக்கோலுக்கு உலர் எடை, மற்றவற்றுக்கு ஈர எடை என்பதை நினைவில் வைத்தே இவற்றை ஒப்பிட வேண்டும்.

ஒரே வைக்கோல், ஒரே அளவு, ஒரே வயல். உழும் நாளை முன்னே நகர்த்தியதில் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஈரம் மட்டும் உள்ள, காற்றோட்டமான மண்ணில் எளிய கரிமம் கரியமில வாயுவாக எரிந்துவிடுவதே காரணம்; தண்ணீர் நிறுத்தும்போது மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவுக்கு மிஞ்சுவது சொற்பம். சாணத்தைக் குவியலில் மட்கவைப்பதும் செய்வது இதையேதான். மீத்தேனை ஒரு சூழல் பிரச்சினையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வயலுக்குச் சுமந்து வந்த கரிமம் மண்ணில் தங்காமல் வெளியேறுவது அது. நுண்ணுயிர்த் திரளாகவும் மட்காகவும் மாறியிருக்க வேண்டியதில் ஒரு பகுதி.

எதோடு எதைச் சேர்ப்பது

மட்கிய எருவை அடியுரமாக இட்டு, தழைச்சத்தின் எஞ்சிய தேவையை யூரியாவாகப் பிரித்து மேலுரமாக இடும் கலப்பு முறையே பெரும்பாலான வயல்களுக்கு என் முதல் தேர்வு. எரு கரிமம் தருகிறது. யூரியா தரும் தழைச்சத்தில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தம்முள் பிடித்துக்கொண்டு பின்னர் விடுவிக்கின்றன. காற்றிலும் நீரிலும் போகும் இழப்பு குறைகிறது. எரு மட்டும் இட்டால் பயிர் பசித்திருக்கும் காலமும், யூரியா மட்டும் இட்டால் மண் பசித்திருக்கும் நிலையும் இதில் வருவதில்லை. நெடுங்காலச் சோதனை வயல்களில் நுண்ணுயிர்த் திரளும் விளைச்சலும் ஒருசேர உயர்ந்து நிற்பது பெரும்பாலும் இந்த முறையில்தான்.

நீர் விடும் முறையை மாற்றாமல் உரத்தை மட்டும் மாற்றுவது பாதி வேலை. முன்னர் குறிப்பிட்ட வழிகாட்டியின்படி, போகம் முழுவதும் தண்ணீர் நிற்கும் வயலை 1 எனக் கொண்டால், இடையில் ஒரு முறை வடித்த வயலின் மீத்தேன் 0.71, பல முறை வடித்த வயலில் 0.55. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும்போது, காற்று பட்ட இரும்பு மீண்டும் ஆக்சைடாகிறது. இரும்பைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவுச் சங்கிலியில் மறுபடி இடம் கிடைக்கிறது. மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்களும் வலுப்பெறுகின்றன. ஒரு எச்சரிக்கை உண்டு. யூரியா இட்ட உடனே வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் கட்டினால், அம்மோனியம் நைட்ரேட்டாகி, நைட்ரேட் நைட்ரஸ் ஆக்சைடாகவும் நைட்ரஜனாகவும் பறந்துவிடும். மேலுரத்துக்கும் காய்ச்சலுக்கும் இடையே பயிர் உரத்தை எடுத்துக்கொள்ள அவகாசம் விட வேண்டும்.

இந்தப் பொதுத் தேர்வு பொருந்தாத இடங்கள் உள்ளன. களர் நிலத்தில் முதல் சில ஆண்டுகள் பசுந்தாளே முன்னுரிமை பெற வேண்டும். இரண்டு போகங்களுக்கு இடையே மூன்று வாரம்கூட இடைவெளி இல்லாத வயலில் பசுந்தாளையும் வைக்கோலையும் மடக்குவதைத் தவிர்த்து, வைக்கோலை வெளியே எடுத்துச் சாணத்தோடு மட்கவைத்து அடுத்த போகத்துக்குக் கொண்டுவருவது மேல். வடிகால் இல்லாமல், வேர் கறுத்து அழுகல் முட்டை நாற்றம் அடிக்கும் வயலில் எந்தப் பச்சைக் கரிமமும் நிலைமையை மோசமாக்கும். அங்கே முதலில் வேண்டியது வடிகால், எரு பிறகு. மணற்பாங்கான மண்ணில் தொழு உரத்தின் பலன் மற்ற எங்கும்விட வேகமாகத் தெரியும், அதே வேகத்தில் கரைந்தும் போகும். ஆகவே ஒரே ஆண்டில் பெருமளவு கொட்டுவதைவிட ஆண்டுதோறும் சிறிதளவு இடுவது பொருத்தம்.

ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைப் பாய்ச்சும் வயல்களுக்குத் தனிக் கவனம் தேவை. இரும்பு ஆக்சைடோடு ஒட்டிக் கிடக்கும் ஆர்சனிக், பாக்டீரியாக்கள் அந்த இரும்பைக் கரைக்கும்போது விடுபட்டு நெல்லின் வேருக்கு வருகிறது; எளிய கரிமம் கூடக்கூட இந்த விடுவிப்பும் வேகமெடுக்கிறது. சில நுண்ணுயிர்கள் ஆர்சனிக்கை மெத்தில் வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்த வடிவம் பயிரில் மிகும்போது கதிர் மணி பிடிக்காமல் நிமிர்ந்து நிற்கும் கோளாறு தோன்றுகிறது. இப்படிப்பட்ட வயலில் பச்சை எருவை முற்றாகத் தவிர்த்து, நன்கு மட்கியதைக் குறைந்த அளவில் இட்டு, இடையிடையே வயலைக் காயவிடுவதே ஏற்கத்தக்க வழி. வைக்கோலை மட்கவைத்துத் திருப்பி இடுவதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு: அதிலுள்ள சிலிக்கா, ஆர்சனிக் வேருக்குள் நுழையும் அதே வாயிலில் போட்டியிட்டு அதன் வரவைக் குறைக்கிறது.

எந்தத் தேர்வைச் செய்தாலும் ஒரு போகத்து விளைச்சலை வைத்து நுண்ணுயிர்களின் நிலையை மதிப்பிட முடியாது. கோழி எருவும் பசுந்தாளும் முதல் போகத்திலேயே இலையின் நிறத்தில் தம்மைக் காட்டிக்கொள்ளும், தொழு உரம் மூன்று நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். வயலின் ஒரு மூலையில் வரப்பு கட்டிச் சிறு பாத்தி ஒன்றை எரு இடாமல், மற்ற எல்லாவற்றையும் ஒன்றுபோலவே செய்து, ஆண்டுதோறும் விட்டுவைப்பது நல்லது. அந்தப் பாத்திக்கும் வயலின் மற்றப் பகுதிக்கும் இடையே மண்ணின் கரிம அளவில் உள்ள வேறுபாட்டை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்குப் பின் மண் காய்ந்த நிலையில், ஒரே ஆழத்திலிருந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டு பரிசோதித்தால், இட்ட எருவில் எவ்வளவு மண்ணில் தங்கியிருக்கிறது என்பது தெரியவரும். மேலுரம் இடாத நாட்களில் இரு பகுதிகளின் பயிரும் எந்த நாளில் வெளிறத் தொடங்குகின்றன என்று குறித்துவைப்பது, பரிசோதனைச் செலவே இல்லாமல், நுண்ணுயிர்கள் விடுவிக்கும் தழைச்சத்தைப் பற்றி ஏறக்குறைய அதே அளவு தகவலைத் தரும்.